பெயர் போட விரும்பாத நலன்விரும்பி

இன்று காலை நம் வாசிகசாலையின் சுவரைச் சுரண்டினார்கள். சந்திப் பக்கம் நடந்து போன எனக்கு, கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் அது தெரிந்தது. நனைந்த சுண்ணாம்பின் மணம், அதற்குள்ளே கொஞ்சமாகப் பழைய எண்ணெய்ப் பெயின்றின் மணம். கிட்டப் போனேன். பெயின்ற் அடிப்பவர் ஏணியில் நின்று தகட்டால் சுரண்டச் சுரண்ட, வெள்ளை பொருக்குப் பொருக்காக விழுந்தது. உள்ளே இருந்து பச்சை வந்தது. யன்னல் உயரத்தில் அந்தப் பொன்னிறப் பட்டையும் வந்தது.

"ஐயா, உது ஆர் அடிச்ச பச்சை? எத்தினை தரம் சுண்ணாம்பு பூசியிருக்கினம், அப்பிடியிருந்தும் மேலை வருதே!" என்று அவர் ஏணியில் நின்றபடியே கேட்டார்.

"தெரியாது தம்பி" என்றேன்.

பார்த்தாயா? நீ போய் நாலாவது கிழமை நடக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. கேட்டவர் ஊருக்குப் புதிய ஆள். அப்படியிருந்தும் என் வாய் முதலில் எடுத்தது அந்தப் பழைய பொய்யைத்தான்.

அந்த நேரம் என் சட்டைப்பையில் உன்னைப் பற்றி நான் எழுதிய ஒரு பக்கம் மடித்தபடி இருந்தது. உன் முப்பத்தோராம் நாள் அடுத்த கிழமை. காலையில் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, பிறகு வீட்டில் சாப்பாடு, சாப்பிட்டு எழும்புபவர்களின் கையில் உன் படம் போட்ட கல்வெட்டு. வாசிகசாலையிலும் உன் படத்தை மாட்டப் போகிறார்கள். அதற்காகத்தான் இந்தச் சுரண்டல் எல்லாம். செத்தவருக்காக அச்சடிக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றி நீ ஒருமுறை பகிடி விட்டது நினைவிருக்கிறது. "கல்லிலை வெட்டுறதெண்டால் ஒருத்தரும் புளுக மாட்டினமடா, கை நோகும். பேப்பர் எண்டபடியாலைதான் இவ்வளவும்." நானும் பேப்பரில்தான் எழுதியிருந்தேன். "அன்னார் நேர்மையின் இருப்பிடமாகவும் பண்பின் உறைவிடமாகவும்" என்று தொடங்கியிருந்தேன். உன் கண்ணில் பட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அந்தப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்தது, சண்டைக் காலத்தில் பங்கீட்டு அரிசியைக் கூட்டாமல் குறைக்காமல் நிறுத்துக் கொடுத்தது, வாசிகசாலைச் செயலாளராகப் பதினொரு வருடம் இருந்தது. ஏன் அந்தப் பதவியை விட்டாய் என்பது மட்டும் இருக்கவில்லை.

உன் செத்தவீட்டன்று நான் படலைக்கு வெளியே கதிரை போட்டுக்கொண்டு நின்றேன். வெளியூர் ஆள் ஒருவர் வழி கேட்டுத் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர் சத்தமாக வழி சொன்னார்: "சந்தியாலை உள்ளுக்கு வந்து பியர் மனேச்சற்றை செத்தவீடு எண்டு கேளுங்கோ, ஆரும் காட்டுவினம்." அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஊருக்கு அதுதான் உன் பெயர். மாதத்தில் இரண்டு ஞாயிறு கள்ளுக் குடிப்பதைத் தவிர வேறொன்றையும் தொடாத உனக்கு, பியர் மனேச்சர் என்று பட்டம். அதைக் கொடுத்தது ஊர். கொடுக்க வைத்தது நான். நான் அந்தக் கதிரையை விரித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனேன்.

அரிவரி வகுப்பிலிருந்து நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். "டேய்" என்றால் நீ, "மச்சான்" என்றாலும் நீ. சண்டை முடிந்து தெற்கிலிருந்து பாதை திறந்த பிறகு, லொறி லொறியாகப் பொருட்கள் வரத் தொடங்கியபோது, எனக்கு ஒரு பியர்க் கொம்பனியின் வடபகுதி விநியோகத்தரிடம் விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்தது. நாற்பத்தேழு வயதில் கிடைத்த வேலை. மோட்டார் சைக்கிள் தந்தார்கள், கழுத்துப் பட்டி கட்டச் சொன்னார்கள். முதல் நாள் உன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நீ மேலும் கீழும் பார்த்தாய்.

"என்னடா, கலியாணத்துக்கே?"

"வேலைக்கு."

"பியர் விக்கப் பட்டியோ? கள்ளுத் தவறணைக்காரன் சாரத்தோடை நிண்டு வித்தவன், ஆக்கள் வரேல்லையே!"

நீ என் வேலையை ஒரு நாளும் பழிக்கவில்லை. என் மகளின் படிப்பு உனக்குத் தெரியும். ஆனால் பகிடியை விடவும் இல்லை. "இண்டைக்கு எத்தினை பேரைக் குடிக்க வைச்சனீ?" என்பதுதான் பின்னேரத்தில் என்னைக் கண்டதும் நீ கேட்கும் முதல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தவறணைக்குப் போவோம். அது பனைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டில். பெயர்ப்பலகை கிடையாது, வெளிச்சம் கிடையாது. அங்கே இருந்து கள்ளுக் குடித்தபடி நான் என் தொழிலின் தந்திரங்களை, அந்த விண்ணாணங்களை, ஒவ்வொன்றாகச் சொல்வேன். சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொம்பனி ஓசியாகக் கொடுக்கும் கண்ணாடிக் கதவுப் பிரிட்ஜை ஏன் வாசலுக்கு நேரே வைக்கச் சொல்கிறோம், அதற்குள் லைட் ஏன் பகலிலும் எரிய வேண்டும், சோடாவுக்குப் பக்கத்துத் தட்டில் ஏன் பியரை அடுக்குகிறோம் என்றெல்லாம் சொல்வேன். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாய்.

"சரியான விண்ணர்தான் உங்கடை ஆக்கள்" என்பாய். பிறகு உன் முகம் கொஞ்சம் மாறும். "குடிக்க வாறவன் வரட்டும், அது அவன்ரை பாடு. வராதவனை ஏனடா கூப்பிடுறியள்? இந்தத் தவறணை ஆரையும் கூப்பிட்டதே?"

கூப்பிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நம் ஆட்களைக் கூப்பிடுவது எளிதாகத்தான் இருந்தது என்பதையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். சாராயம் என்றால் முகத்தைச் சுளிக்கும் தாய்மார், பியர் என்றால் "பியர்தானே" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வரும் மச்சான்மார் பெட்டியோடு இறக்கி வைத்து, "பியர்தானே, குடி, ஒண்டும் செய்யாது" என்பார்கள். கலியாண மண்டபத்தின் பின்பக்கத்தில், பிறந்தநாள் வீட்டில், துடுப்பாட்டப் போட்டி முடிந்த மைதானத்தில், எங்கு போனாலும் அந்தப் "பியர்தானே" எனக்கு முன்னால் போய் நின்றது. மாதாந்தக் கூட்டத்தில் நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது கொழும்பு அதிகாரிகள் கைதட்டினார்கள். அந்தத் "தானே" என்ற சொல்தான் என் மகளைப் படிப்பித்தது.

ஆனால் நான் உனக்குச் சொல்லாத ஒரு விண்ணாணம் இருந்தது.

இந்த நாட்டில் மதுவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம். பெயர் போடக் கூடாது, போத்தல் படம் போடக் கூடாது. எங்களுக்குப் பயிற்சி தர வந்தவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: பெயரைத்தானே தடுத்திருக்கிறார்கள், நிறத்தை யாரும் தடுக்கவில்லையே. ஒரு புதுப் பியர் வடக்குக்கு வரப் போகிறது, அதற்கு முன்னால் அதன் நிறம் வந்துவிட வேண்டும் என்றார். பச்சைச் சுவர், நடுவில் பொன்னிறப் பட்டை, அவ்வளவுதான். சந்திகளில் நாலு பேர் கூடும் கட்டடமாகப் பிடியுங்கள், ஓசியாகப் பெயின்ற் அடித்துக் கொடுங்கள், கொம்பனியின் பெயரை மூச்சு விடாதீர்கள். ஆறு மாதம் சனம் அந்த நிறத்தைப் பார்த்துப் பழகட்டும். பிறகு கடையில் அந்தப் போத்தலைக் காணும்போது, எங்கேயோ கண்ட சொந்தக்காரரைப் போல இருக்கும்.

நாலு பேர் கூடும் கட்டடம் என்றதும் எனக்கு நம் வாசிகசாலைதான் நினைவு வந்தது. வேறு இடம் தேடியிருக்கலாம். தேடவில்லை. சந்தியில் அதைவிட நல்ல சுவர் இல்லை. தொழில் பழகினால் கண் அப்படித்தான் பார்க்கும்.

அந்தச் சுவரில் அப்போது ஷெல் துண்டு பட்ட காயங்கள் இன்னும் ஆறாமல் இருந்தன. நீ பெயின்ற் அடிக்க வேண்டும் என்று கனடாவுக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுதிக் களைத்துப் போயிருந்தாய். நான் வந்து சொன்னேன்.

"மச்சான், எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் பெயின்ற் முழுக்கத் தாறாராம். கூலியும் அவரே குடுப்பாராம்."

"ஆரடா அது?"

"ஒரு நலன்விரும்பி. நிறம் மட்டும் அவர் சொல்லுற மாதிரி இருக்க வேணுமாம்."

"நிறம் என்ன நிறம், சிவர் மூடுப்பட்டால் காணும். பேர் எப்பிடிப் போடுறது?"

"பேர் போட வேண்டாமாம்."

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னால் நிற்கிறது. நம் ஊரில் பெயர் போடாமல் யார் என்ன கொடுத்திருக்கிறார்கள்? வாசிகசாலையின் மணிக்கூட்டில் உபயம் என்று ஒரு பெயர், காற்றாடியின் மூன்று இறகிலும் ஒரு குடும்பத்து மூன்று பிள்ளைகளின் பெயர், பேப்பர் வாசிக்கும் மேசையில் பேப்பர் விரிக்க இடமில்லாமல் ஒரு பரம்பரையின் பெயர். எல்லாவற்றையும் வாங்கிப் பதிந்து நன்றிக் கடிதம் எழுதியவன் நீ. அதனால்தான் பெயர் வேண்டாம் என்ற சொல் உன்னை அப்படிப் பிடித்தது. வேறு யாராவது என்றால் ஏன், எதற்கு என்று குடைந்திருப்பார்கள். நீ கண் கலங்கினாய்.

"இப்பிடியும் மனிசர் இருக்கினமோ! அவரிட்டைச் சொல்லு, அவற்றை பேரை ஒரு காலமும் கேக்க மாட்டன். நீ சொல்லவும் வேண்டாம். ஓம் எண்டு சொன்னால் ஓம்தான்."

சட்டத்துக்குப் பயந்து பெயரை மறைத்த ஒரு கொம்பனியை, புகழுக்கு ஆசைப்படாத பெரிய மனிதர் என்று நீ நினைத்துவிட்டாய். நான் திருத்தவில்லை. உன் கண் கலங்கியதைப் பார்த்தபோது கூட, வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கம் பிறகுதான் வந்தது. அதுவும் மெல்ல.

பெயின்ற் அடித்து முடிந்ததும் ஒரு சின்ன விழா வைத்தாய். குத்துவிளக்கு, வடை, தேத்தண்ணி. நன்றியுரையில் எழும்பி, "வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியக் கூடாது எண்டு நினைக்கிற ஒரு மனிசன் எங்களுக்குள்ளை இருக்கிறார்" என்றாய். சனம் கைதட்டியது. நான் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். எவ்வளவு நேரம் தட்டுவது என்று தெரியாமல் மற்றவர்கள் நிறுத்தும்வரை தட்டினேன்.

ஆறு மாதத்தில் புதுப் பியர் வந்தது. ஒரு வருடத்துக்குள் சந்தியின் மற்றப் பக்கத்தில் மதுச்சாலையும் வந்தது. பாடசாலைப் பிள்ளைகள் பஸ் ஏறும் இடத்துக்கு நேரே, பச்சைச் சுவர், பொன்னிறப் பட்டை. வீதிக்கு இந்தப் பக்கம் வாசிகசாலை, அந்தப் பக்கம் அது. பார்க்க அண்ணனும் தம்பியும் போலத்தான் இருந்தன. உனக்கு அப்போதே சந்தேகம் வரவில்லையா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். வந்திருக்காது. நம் வாசிகசாலையைப் பார்த்துத்தான் அவர்கள் அடித்திருக்கிறார்கள் என்று நீ கோபப்பட்டாய். "எங்கடை நிறத்தைத் திருடிப்போட்டாங்களடா!" என்று என்னிடமே வந்து சொன்னாய்.

கையெழுத்து வாங்கினாய், மனுக் கொடுத்தாய். பிரதேச செயலகத்தில் இரு பகுதியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கொம்பனிப் பக்கத்தில் போய் இருக்கச் சொல்லி எனக்கும் உத்தரவு. அன்று காலை என் மோட்டார் சைக்கிளில்தான் நீயும் வந்தாய். பின்னால் இருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எதிரியைக் காவிக்கொண்டு போற முதல் ஆள் நீதான்ரா" என்று சிரித்தாய். உன் கையில் மனு. என் பைக்குள் ஒரு கோப்பு.

நீ நன்றாகக் கதைத்தாய். குடிக்கிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை, நானும் கள்ளுக் குடிக்கிறவன்தான், பிள்ளைகள் பஸ் ஏறும் இடத்தில் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன் என்றாய். அப்போது மதுச்சாலைக்காரர்களின் சட்டத்தரணி எழும்பி ஒரு படத்தை நீட்டினார். நம் வாசிகசாலையின் படம்.

"ஐயாதானே இதுக்குச் செயலாளர்? இது கொம்பனியின்ரை நிறம். கொம்பனி தந்த பெயின்ற். வாங்கேக்கை இனிச்சது, இப்ப மட்டும் கசக்குதோ?"

"பிழையாய்ச் சொல்லுறீங்கள். அது ஒரு நலன்விரும்பி தந்தது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த நலன்விரும்பி ஆரெண்டு சொல்லுங்கோவன்."

நீ திரும்பினாய். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடத்தான் திரும்பினாய், அது எனக்குத் தெரியும். நான் கடைசி வரிசையில், மடியில் கோப்போடு இருந்தேன். கொம்பனி எங்களுக்குத் தந்த கோப்பு. பச்சை மட்டை, நடுவில் பொன்னிறப் பட்டை. நீ முதலில் அந்த மட்டையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். கையால் மறைக்க நினைத்தேன், நேரம் காணவில்லை.

"அவர் பேர் சொல்ல விரும்பேல்லை" என்று சொல்லிவிட்டு நீ இருந்துவிட்டாய்.

கடை சட்டப்படிதான் இருந்தது, மனுக் கொடுத்தவர்களின் வாயும் அடைபட்டுவிட்டது. முடிவு என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்து வைத்துக்கொண்டு உனக்காக நின்றேன். நீ மெதுவாக வந்தாய். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாய்.

"நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸிலை வாறன்."

நீங்கள். அரிவரியிலிருந்து "டேய்" என்று கூப்பிட்ட வாய். ஏசியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். "போங்கோ" என்றதற்கு என்ன பதில் சொல்வது? நான் போனேன்.

அடுத்த மாதம் வாசிகசாலைப் பொதுக்கூட்டத்தில் உன்னைக் குடைந்தார்கள். கொம்பனியிடம் கைநீட்டியது யார், நீயா, வேறு யாருமா என்று நேரே கேட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ என் பக்கம் ஒருமுறை கூடத் திரும்பவில்லை. "அந்த ஆள் பேர் வேண்டாமெண்டு கேட்டது. நான் ஓமெண்டு சொன்னனான். நான் சொன்ன சொல்லை மாத்தேலாது" என்றாய். அலுமாரித் திறப்பை மேசையில் வைத்து, பதவியையும் விட்டுவிட்டு வெளியே நடந்தாய். அவ்வளவு நேரமும் எனக்குக் கால் இருந்தது, வாய் இருந்தது. எழும்பி நின்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது, வேலையும் போய்விடும் என்று அன்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மகளின் கலியாணம் முடிந்தது. பேரப்பிள்ளையும் பிறந்தது. அப்போதும் சொல்லவில்லை. காரணம் தீர்ந்த பிறகு பழக்கம் மிஞ்சியிருந்தது.

நீ பச்சையை அழிக்கத் தொடங்கினாய். பதவி போனாலும் வருடா வருடம் சுண்ணாம்பு வாளியோடு தனியாக வந்து நிற்பாய். எண்ணெய்ப் பெயின்றின் மேல் சுண்ணாம்பு எங்கே பிடிக்கும்? மாரி தொடங்கி நாலு மழை பெய்ய, வெள்ளை கரைந்து ஓடும், பச்சை கழுவித் துடைத்தது போல நிற்கும். ஒரு தடவை நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து மற்றத் தூரிகையை எடுத்தேன். "வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல்" என்று மெல்ல வாங்கி வைத்தாய். எதிரே மதுச்சாலை வாசலில் நின்றவர்கள் "பியர் மனேச்சர் வேலையிலை நிக்கிறார்" என்று சிரித்தார்கள். அது உன் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது.

அந்த வேலையை நான் விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. ஓய்வு பெறும் வயதுவரை அதே வழியால் போய் அதே கடைகளில் அதே பிரிட்ஜுகளைத் துடைத்து அடுக்கினேன். இப்போது போத்தல் போய்த் தகர ரின் வந்துவிட்டது. திருவிழா முடிந்து அடுத்த நாள் காலையில் நடக்கப் போனால், பனங்காணிகளுக்குள் வெறும் ரின்கள் வெயில் பட்டு மின்னும். யார் குடித்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நிறம் அவர்களுக்கு எப்படிப் பழக்கமானது என்று தெரியும். எனக்குச் சலித்துப் போய்விட்டது, மச்சான். அவர்களில் அல்ல, என்னில்.

நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் "வாங்கோ, இருங்கோ" என்றாய். கடைசித் தடவை உன் குரல் நன்றாகத் தேய்ந்திருந்தது. தோடம்பழம் வாங்கி வந்திருந்தேன். வெக்கை அதிகம் என்றேன், காற்றாடி வேலை செய்கிறதா என்று கேட்டேன், வார்ட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. நான் எழும்பினேன். அப்போது என்னை உற்றுப் பார்த்துக் கேட்டாய்.

"வேறை ஏதும் சொல்ல இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

"சரி. போட்டு வாங்கோ."

அதுதான் நீ என்னோடு கதைத்த கடைசிக் கதை.

இன்று சுவரடியில் "தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் இருந்த பக்கத்தோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முன்விறாந்தையில் இருந்து வாசித்தா. வாசித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினா.

"அண்ணை, இதென்ன அன்னார், அன்னார் எண்டு? ஆரோ தெரியாத ஆளைப் பற்றி எழுதின மாதிரிக் கிடக்கு."

"கல்வெட்டெண்டால் அப்பிடித்தானே எழுதுறது."

"நீங்கள் ரெண்டுபேரும் ஒரே மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடம் திருப்பித் தந்தா. பிறகு சொன்னா. "உங்களுக்கு முன்னாலைதான் அவருக்கு இந்த நீங்கள், வாங்கோ, போங்கோ எல்லாம். நீங்கள் படலையைத் தாண்ட முதலே 'அவன் தேத்தண்ணி குடிச்சவனே, அவன் மெலிஞ்சு போனானெல்லே' எண்டுதான் கேப்பார். கடைசி மட்டும் நீங்கள் அவருக்கு அவன்தான்."

நான் அந்தத் தாளை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஒருக்கா நான் கேட்டனான். வீட்டிலை அவன் எண்டுறியள், நேரிலை ஏன் நீங்கள் எண்டுறியள் எண்டு. 'அவனா வந்து சொல்லட்டும். சொன்னானெண்டால் அண்டைக்கே டேய் எண்டுவன். அதுவரைக்கும் நீங்கள்தான்' எண்டார். என்னத்தைச் சொல்ல வேணுமெண்டு நான் கேட்கேல்லை. அவர் சொல்லவும் இல்லை. பேர் வேண்டாமெண்டு கேட்ட ஆளின்ரை பேரை எனக்கும் சொல்லாமல்தான் போனவர்."

உன் மனைவிக்கும் தெரியாதா! பத்து வருடத்துக்கு மேலாக, பியர் மனேச்சரின் பெண்சாதி என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் வந்தவ. அவவுக்குக் கூட நீ சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நீ கேட்ட அந்தக் கேள்வி அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கட்டிலில் கிடந்துகொண்டு நீ எனக்கு இன்னொரு தடவை கதவைத் திறந்து விட்டிருக்கிறாய். நான் தோடம்பழத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த விறாந்தையில் இருந்தே அவவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவ அழவில்லை. "இதை அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே அண்ணை" என்று மட்டும் சொன்னா. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நான் அன்னார் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவவிடம் ஒரு தாள் வாங்கி எழுதினேன். "எங்கள் வாசிகசாலைக்குப் பச்சைப் பெயின்ற் கொண்டுவந்த நலன்விரும்பி நான்தான். பெயின்ற் பியர்க் கொம்பனியுடையது. செயலாளருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். என் பெயரைக் காப்பாற்றி அவர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார்." கீழே என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் போட்டேன். தடித்த எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்துக்குக் கொடுங்கள் என்றேன். அவ வாங்கி இரண்டாக மடித்து, உன் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்தா.

திரும்பும் வழியில் வாசிகசாலையடியில் நின்றேன். பெயின்ற் அடிப்பவர் நிழலில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, காலமை தெரியாதெண்டு சொன்னனான். பொய். அந்தப் பச்சை நான் அடிப்பிச்சது."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பிடியோ ஐயா? நல்ல பெயின்ற்தான். முழுக்கச் சுரண்டி எடுக்க இன்னும் மூண்டு நாள் செல்லும்" என்றார். நானும் ஒரு தகடு எடுத்துக்கொண்டு, உன் படம் மாட்டப் போகும் இடத்துக்கு நேரே கீழே, கை எட்டும் உயரத்தில் சுரண்டத் தொடங்கினேன். கொப்புளம் விழுந்த விரல்களோடுதான் இப்போது இதை எழுதுகிறேன். கல்வெட்டு என்றால் கை நோக வேண்டும் என்று நீ சொன்னது சரிதான்.

ஊருக்கு எழுதிய தாளில் என் முழுப் பெயர் இருக்கிறது. இது உனக்கு. இதில் அந்தப் பெயர் வேண்டாம். நான் வந்து சொல்லிவிட்டேன், கேட்டாயோ தெரியாது. நீ "டேய்" என்று சொல்ல வேண்டிய இடம் வெறுமையாகவே கிடக்கிறது. அது இனி நிரம்பாது. என் முன்னால் நீ சொன்ன நீங்களையும், எனக்குத் தெரியாமல் வீட்டில் சொன்ன மற்றச் சொல்லையும் சேர்த்துத்தான் நான் வைத்திருக்கிறேன். இரண்டில் ஒன்றைத்தான் கீழே கையெழுத்தாகப் போடலாம் என்றால், இதைப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அவன்